தன் வழியில் கணக்குப் போடும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி – பதில்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என இன்று மூன்று மாவட்டங்களாக இருக்கும் பழைய வேலூர் மாவட்டப் பகுதியிலிருந்து வந்த கடிதங்களில், மீத்திறன், அதாவது வயதுக்கு மிஞ்சிய ஆற்றல், கொண்ட மாணவர்களின் நுண்ணறிவையும் அவர்கள் சிந்திக்கும் பாங்கையும் பற்றிக் கேட்டவற்றை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளைகளைப் பற்றிய செய்திகள் என்பதால் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். சென்ற ஆண்டு உளவியல் ஆலோசகர் ஒருவர் எடுத்த நுண்ணறிவுத் தேர்வில் அவளுக்கு 132 வந்தது. பள்ளித் தேர்விலோ எழுபதைத் தாண்டுவதே அரிது. 840 ரூபாயை 3:4 என்ற விகிதத்தில் இருவருக்குப் பிரிக்கும் கணக்கில், சமன்பாடு எழுதாமல், “மொத்தம் ஏழு பங்கு, ஒரு பங்கு 120” என்று இரண்டே வரியில் 360, 480 என்ற விடைகளை எழுதிவிட்டாள். வழிமுறை இல்லை என்று பாதி மதிப்பெண் குறைக்கப்பட்டது. எல்லாப் பாடத்திலும் இப்படித்தான் நடக்கிறது. அவளுடைய அறிவு உண்மையில் எவ்வளவு? ஏன் சொன்னபடி செய்ய மறுக்கிறாள்? (ஒரு தாய், குடியாத்தம்)

பதில்: உங்கள் மகளின் அறிவில் குறை எதுவும் தெரியவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் போட்ட கணக்கில் சிந்தனை முழுமையாக இருக்கிறது. ஒரு பங்கு எவ்வளவு என்று அவள் தேடியதும், தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை வைத்து அதன் மதிப்பைப் பாடநூல் தேடுவதும் ஒரே செயல்தான். புத்தகம் வகுத்த பாதையில் நடக்காமல், பாதையைத் தானே போட்டுக்கொண்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறாள்.

132 என்ற எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்த்தால் உங்கள் குழப்பத்தில் பெரும்பகுதி தீரும். இன்று பயன்படும் நுண்ணறிவுத் தேர்வுகளில் பெரும்பாலானவை சராசரியை 100 என்றும் புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவி நிற்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தை 15 என்றும் வைத்துக்கொண்டு கணக்கிடுகின்றன. அந்த அளவுகோலில் 130க்கு மேல் பெறுவோர் நூறு பேரில் ஏறத்தாழ இருவர். ஆகவே சொற்களையும் எண்களையும் வடிவங்களையும் வைத்துப் புதிய சிக்கல்களை அவிழ்க்கும் ஆற்றல் உங்கள் மகளுக்கு அவள் வயதுப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரைவிட அதிகம் என்று அந்த எண் தெரிவிக்கிறது. அந்த ஆற்றலை எந்த வகையில் செலவிட அவளுக்குப் பிடிக்கிறது என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. கையின் வலிமை வேறு, ஒரு பொருளை எடுக்க எந்தக் கையை முதலில் நீட்டுகிறோம் என்ற பழக்கம் வேறு. முன்னது திறன், பின்னதைத்தான் உளவியலார் பாங்கு என்கிறார்கள்.

இந்த வேறுபாட்டை விரிவாக வகுத்துக் காட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க். ஒரு நாட்டுக்கு ஆட்சி முறை இருப்பதுபோல ஒவ்வொரு மனத்துக்கும் தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் முறை ஒன்று உண்டு என்ற கருத்தை அவர் 1988இல் முன்வைத்து, 1997இல் நூலாக விரித்தெழுதினார். அரசுக்குச் சட்டமியற்றுதல், நிறைவேற்றுதல், நீதி வழங்குதல் என்று மூன்று பணிகள் இருப்பதுபோல, சிந்தனையிலும் மூன்று விருப்பங்கள் இருப்பதாக அவர் கருதினார். தன் விதிகளைத் தானே அமைத்துக்கொள்ள விரும்புவது சட்டமியற்றும் பாங்கு. கொடுத்த விதியைப் பின்பற்றிச் செம்மையாகச் செய்து முடிக்க விரும்புவது நிறைவேற்றும் பாங்கு. மற்றவர் செய்ததை எடைபோட்டு, ஒப்பிட்டு, தீர்ப்புச் சொல்ல விரும்புவது நீதி வழங்கும் பாங்கு. இவற்றுடன் இன்னும் பத்தைச் சேர்த்து மொத்தம் பதின்மூன்று பாங்குகளை அவர் விவரித்தார். எல்லாரிடமும் எல்லாப் பாங்குகளும் ஓரளவு இருக்கும். எது மேலோங்கி நிற்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறுபாடு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் மகளிடம் சட்டமியற்றும் பாங்கு மேலோங்கியிருக்கிறது. அவள் மறுப்பதாக உங்களுக்குத் தோன்றுவது பிடிவாதமாக இருக்க வேண்டியதில்லை.

மீத்திறன் மாணவர்களிடம் இந்தப் பாங்குகளுக்கும் நுண்ணறிவுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தவற்றில், ஸ்டெர்ன்பெர்க்கும் எலெனா கிரிகொரென்கோவும் 1997இல் வெளியிட்ட ஆய்வு அடிப்படையானது. யேல் பல்கலைக்கழகத்தில் நடந்த கோடைக்காலப் படிப்புக்கு வந்த 199 மீத்திறன் மாணவர்களின் திறன்களையும் பாங்குகளையும் தனித்தனியே அளந்து, பிறகு படிப்பில் அவர்கள் பெற்ற மதிப்பீடுகளோடு ஒப்பிட்டார்கள். திறனும் பாங்கும் பெரும்பாலும் தனித்தனியாகவே நின்றன. அதே வேளையில், திறனை மட்டும் கொண்டு கணிப்பதைவிடத் திறனையும் பாங்கையும் சேர்த்துக் கணித்தபோது படிப்பின் விளைவை நன்றாகக் கணிக்க முடிந்தது. மதிப்பீட்டின் வடிவம் மாறியபோது அதற்குக் கைகொடுத்த பாங்கும் மாறியது. ஒரே அளவு அறிவுள்ள இரு பிள்ளைகளில் ஒருத்தி முதலிடத்திலும் மற்றவள் நடுவிலும் நிற்பதற்கு, கேள்வித்தாள் எந்தப் பாங்கை விரும்புகிறது என்பது ஒரு காரணமாக இருக்க முடியும் என்பதே உங்கள் கேள்விக்கு அந்த ஆய்வு தரும் விடை.

கொரியாவில் அறிவியலில் மீத்திறன் பெற்ற மாணவர்களையும் மற்ற மாணவர்களையும் ஒப்பிட்டு 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மீத்திறன் மாணவர்கள் சட்டமியற்றும் பாங்கையும் நீதி வழங்கும் பாங்கையும் புதியதை நாடும் பாங்கையும் கூடுதலாக விரும்பினார்கள். மற்றவர்களிடம் நிறைவேற்றும் பாங்கும் பழகிய வழியைப் பேணும் பாங்கும் கூடுதலாகத் தெரிந்தன. இதைப் படித்துவிட்டு, விதியை மீறும் பிள்ளை எல்லாம் மேதை என்றோ, சொன்னபடி செய்யும் பிள்ளை அறிவில் குறைந்தது என்றோ முடிவு கட்டிவிடக் கூடாது. இது குழுக்களின் சராசரியைப் பற்றிய செய்தி. நேரில் நிற்கும் ஒரு பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு அன்று.

ஆசிரியையைக் குறைகூற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டெர்ன்பெர்க்கும் கிரிகொரென்கோவும் பள்ளிகளில் செய்த மற்றோர் ஆய்வில், தங்கள் பாங்கை ஒத்த மாணவர்களை ஆசிரியர்கள் உயர்வாக மதிப்பிட்டதும், மாணவர்கள் தங்களைப் போலவே சிந்திப்பதாக ஆசிரியர்கள் உண்மைக்கு மிஞ்சி எண்ணிக்கொண்டதும் தெரியவந்தன. இது ஆசிரியர்களிடம் மட்டும் உள்ள இயல்பும் அன்று. பெற்றோராகிய நாமும் நம்மைப் போலச் சிந்திக்கும் பிள்ளையைத்தான் புத்திசாலி என்று முதலில் அடையாளம் காண்கிறோம். ஐம்பது விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியைக்கு, வழிமுறை தெரிந்தால்தான் மாணவி எங்கே தவறினாள் என்பதும் தெரியும். அந்தத் தேவையில் நியாயம் இருக்கிறது.

உங்கள் மகளுக்கு இப்போது வேண்டியது, சமன்பாடு எதற்கு என்ற கேள்விக்கு அவளே காணும் விடை. இந்தக் கணக்கைக் கொடுங்கள்: இருவரின் வயதுகள் 3:5 என்ற விகிதத்தில் உள்ளன, ஆறு ஆண்டுகளுக்குப் பின் அவை 2:3 ஆகும், இப்போது அவர்களின் வயது என்ன? விடை 18, 30. பங்குகளை எண்ணியே இதற்கும் அவள் வழி கண்டுபிடித்தால் மனமாரப் பாராட்டுங்கள். பிறகு அதே கணக்கைச் சமன்பாட்டால் போடச் சொல்லி, எந்த வழி எளிது, எண்களை மாற்றினால் எந்த வழி தாங்கும், எது பிழையைக் காட்டிக்கொடுக்கும் என்று அவளையே தீர்ப்புச் சொல்ல விடுங்கள். தானாக முடிவெடுக்க விரும்பும் பிள்ளைக்கு, முறையை ஏற்பதும் தன் முடிவாக இருந்தால் அது சுமையாகத் தோன்றாது. தேர்வுத்தாளில் தன் வழியை நான்கு வரியில் விளக்கி எழுதவும் பழக்குங்கள். விடைத்தாளில் வழிமுறை என்பது, தன் மனத்தில் நடந்ததைப் படிப்பவருக்குச் சொல்வது என்று அவளுக்குப் புரிந்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவர்களை என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துகிறேன். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கும் சிலர் மனத்திறன் தேர்வில் தடுமாறுகிறார்கள். நாங்கள் எதிர்பார்க்காத சிலர் நன்றாகச் செய்கிறார்கள். உண்மையான மீத்திறன் மாணவர் இவர்களில் யார்? (ஓர் ஆசிரியர், ஆற்காடு)

பதில்: இரு சாராரிடமும் இருக்கலாம் ஐயா, ஒரே வகைத் தேர்வை வைத்துப் பார்க்கும்போது ஒரு சாரார் மறைந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு 12,000 ரூபாய் வீதம் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை தரும் அந்தத் தேர்வில், பாடத்திலிருந்து 90 வினாக்களும் மனத்திறனுக்கு 90 வினாக்களும் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பாடத்தாளில் கற்றதைக் கற்றபடி திருப்பித் தருவது பெரும்பாலும் போதும். மனத்திறன் தாளில், எண் தொடருக்கும் உருவ வரிசைக்கும் அடியில் இருக்கும் விதியை மாணவரே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வகுப்பில் முதலிடம் பெறும் மாணவி பல ஆண்டுகளாக நிறைவேற்றும் பாங்குக்கே பாராட்டுப் பெற்று வந்திருந்தால், விதி கொடுக்கப்படாத இடத்தில் அவள் திகைப்பது இயல்பு. அந்தத் திகைப்பு அறிவுக்குறைவு ஆகாது. பழக்கம் இல்லை என்பதே பொருள். மறுபக்கத்தில், வழிகாட்டி நூல்களில் உள்ள நூற்றுக்கணக்கான மாதிரி வினாக்களை மனப்பாடம் செய்ய வைத்தால், மனத்திறன் தாளும் மற்றொரு பாடத்தாளாகிவிடும். அப்போது அது நீங்கள் தேடுகிற ஆற்றலைக் காட்டாது.

எந்தப் பாங்கு மதிப்பெண் தரும் என்பது ஊருக்கு ஊர் மாறுவதும் உண்டு. ஹாங்காங் பல்கலைக்கழக மாணவர்களிடையே லி-ஃபாங் ஜாங் என்ற ஆய்வாளர் ஸ்டெர்ன்பெர்க்குடன் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ஆய்வில், மரபான வழியைப் பேணுவதும், வேலைகளை முன்பின் வரிசைப்படுத்திச் செய்வதும், தனித்துப் படிப்பதும் நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்து காணப்பட்டன. நம் பள்ளிகளின் வினாத்தாள்களைப் பார்க்கும்போது, இங்கும் நிலைமை யேல் கோடை வகுப்பைவிட ஹாங்காங்குக்கே நெருக்கமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

ஆகவே யார் மீத்திறன் மாணவர் என்று தேடுவதற்கு முன்னால், எல்லாப் பாங்குக்கும் இடம் தரும் வேலைகளை வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். உங்கள் ஊரோடு தொடர்புள்ள பாடத்தையே எடுத்துக்கொள்வோம். 1806 சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து சென்று அதை அடக்கினார். “வேலூர்க் கிளர்ச்சியின் காரணங்களை எழுதுக” என்ற வினா நிறைவேற்றும் பாங்குக்கு உரியது. அதுவும் வேண்டும், ஏனெனில் செய்தி தெரியாமல் சிந்திக்க முடியாது. “புதிய தலைப்பாகையும், சாதிக் குறிகளையும் தாடியையும் தடுத்த ஆணையும் மட்டுமே கிளர்ச்சிக்குப் போதுமான காரணமா, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் மைந்தர்களுக்கு எவ்வளவு பங்கு உண்டு, எந்தச் சான்றை நீ நம்புவாய்?” என்று கேட்டால் நீதி வழங்கும் பாங்கு விழித்துக்கொள்ளும். “ஆளுநர் பெண்டிங்குக்கு ஓராண்டு முன்னதாகவே ஒரு கடிதம் எழுதி, இந்த நிலை வராமல் தடுக்க என்ன விதிகளைச் செய்யலாம் என்று சொல்” என்றால் சட்டமியற்றும் பாங்குள்ள பிள்ளை தலைநிமிரும். மூன்று வினாக்களிலும் ஒரே மாணவர் மிளிர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கடைசி வரிசையில் அமரும் ஒரு பிள்ளை மூன்றாவது வினாவுக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும் நாளில், அந்தப் பிள்ளையைப் பற்றிய உங்கள் பழைய மதிப்பீட்டை நீங்களே மாற்றிக்கொள்வீர்கள்.

சராசரியைத் தாண்டிய திறன், படைப்பாற்றல், எடுத்த வேலையில் விடாப்பிடியான ஈடுபாடு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் மீத்திறன் வெளிப்படுகிறது என்று ஜோசப் ரென்சுல்லி 1978இல் எழுதினார். தேர்வு மதிப்பெண் இவற்றில் முதலாவதை ஓரளவு காட்டும். மற்ற இரண்டையும் வகுப்பறையில் அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களைப் போன்ற ஆசிரியர்தான் கண்டு சொல்ல முடியும்.

கேள்வி: பி.எட். படிக்கிறேன். மீத்திறன் மாணவர்களின் சிந்தனைப் பாங்குக்கும் நுண்ணறிவுக்கும் உள்ள ஒட்டுறவை, அதாவது ஒன்று மாறும்போது மற்றதும் எவ்வளவு சேர்ந்து மாறுகிறது என்பதை, என் செயல்திட்டத்துக்கு எடுத்திருக்கிறேன். எந்தப் பாங்கு நுண்ணறிவோடு மிகவும் தொடர்புடையது? ஒட்டுறவு மிகக் குறைவாக வந்தால் என் ஆய்வு தோற்றதாகிவிடுமா? (ஒரு மாணவி, காட்பாடி)

பதில்: தோற்றதாகாது. குறைந்த ஒட்டுறவு இங்கே பொருளுள்ள முடிவு. அதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. ஹெர்மன் விட்கின் என்ற உளவியலாளர், சிக்கலான படத்துக்குள் மறைந்திருக்கும் எளிய உருவத்தைக் கண்டுபிடிக்கும் தேர்வை வைத்து, சூழலைச் சார்ந்து பார்ப்பவர், சாராமல் பார்ப்பவர் என்று மனிதரைப் பிரித்தார். அது பாங்கை அளப்பதாகவே பல ஆண்டுகள் கருதப்பட்டது. ஆனால் அந்தத் தேர்வில் நன்றாகச் செய்தவர்கள் நுண்ணறிவுத் தேர்விலும் நன்றாகச் செய்யும் போக்கு திரும்பத் திரும்பத் தெரிந்ததால், இது விருப்பத்தை அளக்கவில்லை, திறனைத்தான் வேறு பெயரில் அளக்கிறது என்ற கடுமையான மறுப்பு எழுந்தது. பாங்கு என்று ஒன்றை அழைக்க வேண்டுமானால் அது நுண்ணறிவின் நகலாக இருக்கக் கூடாது என்ற எதிர்பார்ப்பு இந்த விவாதத்தால் வலுப்பெற்றது. ஆகவே உங்கள் ஒட்டுறவு மிக உயர்ந்து வந்தால்தான் நீங்கள் ஐயப்பட வேண்டும்.

எல்லாப் பாங்கும் சம மதிப்புடையவைதாமா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. ஜாங்கும் ஸ்டெர்ன்பெர்க்கும் 2005இல் பாங்குகளை மூன்று வகைகளாகத் தொகுத்தபோது, புதியதைப் படைக்கும் போக்குடைய முதல் வகைக்குப் பொதுவாகக் கூடுதல் பயன் உண்டு என்ற நிலையை எடுத்தார்கள். என் கருத்து சற்று மாறுபட்டது. மருந்தின் அளவைக் குறித்துக் கொடுக்கும் செவிலியரிடமும் பாலத்தின் கணக்கைச் சரிபார்க்கும் பொறியாளரிடமும் நிறைவேற்றும் பாங்கு மேலோங்கியிருப்பதையே நான் விரும்புவேன்.

உங்கள் ஆய்வுக்கு இரண்டு எச்சரிக்கைகள் சொல்ல வேண்டும். மீத்திறன் மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அவர்களின் நுண்ணறிவு ஈவுகள், அதாவது நுண்ணறிவுத் தேர்வில் பெறும் எண்கள், எல்லாம் 125, 130, 135 என்று ஒரு குறுகிய எல்லைக்குள் நெருங்கி நிற்கும். வீச்சு குறுகும்போது, ஒட்டுறவை எண்ணாகக் காட்டும் ஒட்டுறவுக் கெழுவும் சுருங்கும் என்பது புள்ளியியலில் தெரிந்த செய்தி. எனவே அதே பள்ளிகளிலிருந்து எல்லா நிலை மாணவர்களும் கலந்த ஒரு குழுவையும் சேர்த்து ஆராய்ந்து, இரு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அடுத்தது, நீங்கள் பயன்படுத்தப்போகும் சிந்தனைப் பாங்குப் பட்டியல், ஸ்டெர்ன்பெர்க்கும் வாக்னரும் 1992இல் உருவாக்கியது. மாணவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லும் 65 வாக்கியங்களையும் ஒவ்வொன்றுக்கும் ஏழு புள்ளி அளவையும் கொண்டது. பாடப்புத்தகத்தைத் தவிர வேறு எதையும் தானாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கிடைக்காத ஒரு பிள்ளை, “எதை எப்படிச் செய்வது என்று நானே முடிவு செய்ய விரும்புகிறேன்” என்பது போன்ற வாக்கியத்துக்கு என்ன புள்ளி தரும்? விருப்பம் இல்லாததால் குறைவாகத் தருகிறதா, வாய்ப்பு இல்லாததால் தருகிறதா என்பது எண்ணிலிருந்து தெரியாது. ஒவ்வொரு பள்ளியிலும் சில மாணவர்களிடமாவது உட்கார்ந்து பேசி, அவர்கள் ஏன் அந்தப் புள்ளியைத் தந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கங்களே உங்கள் செயல்திட்டத்தின் சிறந்த பகுதியாக அமையலாம்.

கேள்வி: தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகன் மிகவும் கெட்டிக்காரன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் ரேடியோவைப் பிரிப்பான், பாதியில் விட்டுவிட்டு நட்சத்திரம் பார்ப்பான், அதையும் விட்டுவிட்டுக் கணினிக்குப் போவான். பொதுத்தேர்வு நெருங்குகிறது. இவனை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? (ஒரு தந்தை, ஆம்பூர்)

பதில்: ஒரே நேரத்தில் பல இலக்குகளைக் கையாளும் முறையிலும் ஸ்டெர்ன்பெர்க் நான்கு பாங்குகளைச் சொல்கிறார். ஒன்றையே பற்றிக்கொண்டு மற்றவற்றை மறப்பது முடியாட்சிப் பாங்கு. பலவற்றை எடுத்துக்கொண்டு, எது முதலில், எவ்வளவு நேரம் என்று வரிசைப்படுத்துவது படிநிலைப் பாங்கு. பலவற்றுக்கும் ஒரே எடை கொடுத்துத் தவிப்பது சிலராட்சிப் பாங்கு. எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல் மனம் போனபடி தாவுவது ஆட்சியற்ற பாங்கு. உங்கள் மகனிடம் கடைசியாகச் சொன்னது மிகுந்திருக்கலாம். தொடர்பில்லாதவை என்று மற்றவர் நினைக்கும் செய்திகளை இணைத்துப் பார்க்கும் வாய்ப்பு இத்தகைய பிள்ளைகளுக்கு உண்டு என்றும், முன்பு குறிப்பிட்ட கொரிய ஆய்வில் மீத்திறன் மாணவர்களிடம் இந்தப் பாங்கும் கூடுதலாக இருந்தது என்றும் அறிந்தால் உங்கள் கவலை சற்றுக் குறையும்.

ஆனால் பொதுத்தேர்வுக்கு வேண்டியது படிநிலைப் பாங்கு. பாங்குகள் பிறவியிலேயே இறுகிவிட்டவை அல்ல, பழக்கத்தால் வளர்பவை. முழு நாளுக்கும் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். இரண்டாம் நாளே அது கிழிந்துவிடும். இரவில் படுக்கும் முன், மறுநாள் முடிக்க வேண்டிய மூன்று வேலைகளை அவன் கையாலேயே எழுதி, எது முதல் என்று எண்ணிட்டு வைக்கட்டும். அவை முடிந்த பிறகு ரேடியோவுக்கும் நட்சத்திரத்துக்கும் உரிய நேரத்தை நீங்கள் பறிக்கக் கூடாது. காவலூர் வானாய்வகம் உங்கள் பக்கத்தில், சவ்வாது மலையில்தான் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் அங்கே அழைத்துப் போவதாக வாக்குக் கொடுத்து, அதை நிறைவேற்றுங்கள்.

ஒன்றைக் கவனமாகப் பார்க்க வேண்டும். தனக்கு மிகப் பிடித்த வேலையிலும்கூடச் சிறிது நேரம் நிலைக்க முடியாமல், சிறுவயது முதலே வீட்டிலும் பள்ளியிலும் இதே நிலை இருந்து, அதனால் அவனே வருந்துகிறான் என்றால், அது பாங்கைத் தாண்டிய கவனக்குறைபாடாக இருக்க இடமுண்டு. மீத்திறனும் கவனக்குறைபாடும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பதும் நடக்கக்கூடியதே. அப்படித் தோன்றினால், வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. தயங்காமல் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நான் பதினோராம் வகுப்பு. இணையத்தில் ஒரு தேர்வு எழுதினேன். நான் “பார்த்துக் கற்பவன்” என்று வந்தது. அதனால் படங்கள் மூலம் மட்டும் படித்தால் மதிப்பெண் கூடுமா? நண்பர்களோடு சேர்ந்து படித்தால் எனக்கு ஒன்றும் ஏறுவதில்லை, இது குறையா? (ஒரு மாணவன், வாணியம்பாடி)

பதில்: தம்பி, முதல் கேள்விக்கு விடை: அதனால் மதிப்பெண் கூடிவிடாது. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்து அதற்கேற்ப கற்பித்தால் நன்றாகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று ஹரால்டு பாஷ்லர் முதலிய உளவியலாளர்கள் 2008இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துத் தெரிவித்தார்கள். நாம் இங்கே பேசும் சிந்தனைப் பாங்கு அதுவன்று. வடிவியலைப் படத்தோடும் செய்யுளைக் காதால் கேட்டும் படிப்பது எல்லாருக்கும் நல்லது. இரண்டாவது குறையன்று, தனித்துச் செயல்படும் பாங்கு பலருக்கும் உண்டு. முதலில் தனியாகப் படித்து, புரியாத இடங்களைக் குறித்துக்கொண்டு, பிறகு அந்த இடங்களுக்காக மட்டும் நண்பர்களிடம் போ.

கேள்வி: என் பேரனுக்கு நுண்ணறிவு ஈவு 127. மீத்திறன் மாணவர்களுக்கான ஒரு தனிப் பயிற்சியில் 130 இருந்தால்தான் சேர்ப்பார்களாம். அடுத்த மாதமே மறுபடி தேர்வு எழுத வைக்கலாமா? (ஒரு தாத்தா, வாலாஜாபேட்டை)

பதில்: வேண்டாம் ஐயா. எந்த நுண்ணறிவுத் தேர்விலும் அளவீட்டுப் பிழை உண்டு. 127 என்று வந்த பிள்ளையின் உண்மை நிலை அதற்குச் சில புள்ளிகள் கீழேயோ மேலேயோ இருக்கக்கூடும் என்பதால், 127க்கும் 130க்கும் இடையில் அறிவின் வேறுபாடு இருப்பதாகக் கொள்ள இயலாது. கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் 1921இல் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வுக்கு, உயர்ந்த ஈவு பெற்ற ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அதற்காகச் சோதிக்கப்பட்டுப் போதிய புள்ளி இல்லை என்று விடப்பட்டவர்களில் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும் இருந்தார்கள். ஷாக்லி 1956இலும் ஆல்வரெஸ் 1968இலும் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளில் எவரும் அந்தப் பரிசைப் பெறவில்லை.

அதே தேர்வை ஒரு மாத இடைவெளியில் மீண்டும் எழுதினால், வினாக்கள் பழகிப்போனதால் சில புள்ளிகள் கூடிவிடும். அந்தக் கூடுதல் எதையும் காட்டாது. தேர்வு நடத்தும் முறையான உளவியலாளரும் அதற்கு உடன்பட மாட்டார். பேரனுக்கு அந்தப் பயிற்சியில் உண்மையான ஆர்வம் இருந்தால், அவன் தானாகச் செய்த வேலைகளை, அதாவது எழுதிய கதை, வரைந்த திட்டம், தீர்த்த கணக்கு, கட்டிய கருவி ஆகியவற்றைத் தொகுத்து, ஆலோசகரின் முழு அறிக்கையோடு சேர்த்துப் பயிற்சி நடத்துவோரிடம் கொடுத்து, ஒற்றை எண்ணுக்குப் பதிலாக இவற்றையும் பார்க்குமாறு எழுத்தில் கேளுங்கள். அறிக்கையில் மொத்த ஈவுக்குக் கீழே சொல்திறன், செயல்திறன் என்று தனித்தனிப் புள்ளிகள் இருக்கும். அவற்றில் ஒன்று மிக உயர்ந்தும் மற்றொன்று தாழ்ந்தும் இருந்தால், மொத்த ஈவு அந்த உயரத்தை மறைத்திருக்கும். அந்த இடத்தில் கோடிட்டு அனுப்புங்கள்.